கத்தரிக்கு மூடி இல்லை என்று சொன்னவள் எழுதுவது

மாதேஷ்,

நீ என்னை மன்னித்துவிட்டாயாம். உன் மாமா நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனான். என் கூடப் பிறந்த தம்பி என்பதால்தான் அவனை முழுதாகப் பேச விட்டேன். வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும், "அக்கா, நல்ல சேதி, பையன் உன்ன மன்னிச்சிட்டானாம்" என்றான். நான் அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தேன். கையை எடுக்காமலே, "நான் எப்படா மன்னிப்புக் கேட்டேன்?" என்றேன். நான் கேட்காத ஒன்றை நீ எனக்குக் கொடுக்க முடியாது, கண்ணு. அதை நீயே வைத்துக்கொள்.

அதோடு விட்டானா என்றால் இல்லை. உனக்குப் பாலக்கோட்டுப் பக்கம் பெண் பார்த்திருப்பதையும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருவதையும் சொன்னான். சந்தோஷப்பட்டேன். அடுத்ததாக அவன் சொன்னதைக் கேள். "அவங்க காதுல மில்லுக் கதை வுழுந்திருக்குது, அக்கா. கட்டாயம் கேப்பாங்க. எனக்கு வயசாயிருச்சுங்க, கண்ணு சரியாத் தெரியல, அவசரத்துல பையன் மேல சொல்லிப்புட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிரு. மாதேஷே அதத்தான் எதிர்பாக்கறான்." நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். "என் கண்ணுக்கு என்னடா கேடு? இன்னிக்கும் தறியில ஒத்த நூலு அறுந்தா, தறி நின்னு லைட்டு எரியறதுக்கு முந்தி நான் பாத்துருவேன்" என்றேன். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கதைதான் தெரியும், பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று. பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி வாங்கினால்கூட, பின்னால் நின்று அதைத்தான் பேசுகிறார்கள். ஆகவே இந்தக் கடிதத்தை நான் மடித்து ஒட்டப் போவதில்லை. உன் மாமா முதலில் படிக்கட்டும். அப்புறம் யார் கேட்டாலும் கொடுக்கட்டும். உன்னிடம் சொல்லக் கூசாத எதையும் ஊரிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நம் குடும்பத்தில் எனக்கு முன்னால் தறியைத் தொட்டவர்கள் யாரும் கிடையாது. ராகிக் காட்டில் களை பறித்த கை இது. உன் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பென்னாகரம் சாலையில் அந்த நெசவு மில் ஆரம்பித்த புதிது. வெளிநாட்டில் ஓடி முடிந்த பழைய ஆட்டோமேட்டிக் தறிகளைக் கொண்டுவந்து இறக்கி, ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். "பொம்பளைங்களுக்குச் சுத்தம் பண்ற வேலை இருக்குதும்மா" என்றார்கள். "தறி வேலைதான் வேணும்" என்றேன். சிரித்தார்கள். நான் மறுநாளும் போய் நின்றேன். அதற்கு மறுநாளும் நின்றேன். என்னை விரட்டி அலுத்துப்போய்த்தான் ஒரு தறிக்கு முன்னால் நிறுத்தினார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உன் அம்மா ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான் என்பது உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அன்று விசாரணை மேசைக்கு முன்னால் மட்டும் நான் நகர்ந்துவிடுவேன் என்று நீ எப்படி நினைத்தாய் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தருமபுரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, அதே மில்லில் நீ மெக்கானிக்காகச் சேர்ந்தாய். அந்த முதல் வாரத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் கத்தரிக்கோலையும் தையல் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காரும்மா, நீ தெனமும் ஓட்டற தறியோட சூட்சுமத்த நான் காட்டறேன்" என்றாய். தறியின் இடது பக்கத்தில், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் உள்ளே போகிற இடத்தில் ஒரு சின்னக் கத்தரி இருக்கிறது. மில்லில் எல்லோரும் அதைக் கட்டர் என்போம். ஓடுகிற தறியில் அது மூடித் திறப்பது கண்ணுக்கே தெரியாது. நூலின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாய். "நீதான் துணியோட ஓரம். என் கைதான் நூலை அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போற ஆளு. நான் கெட்டியாப் புடிச்சதுக்கு அப்பறம்தான் கத்தரி வெட்டணும். முந்தி வெட்டுனா நூலு என் கைக்கு வராது. பிந்தி வெட்டுனா துணி ஓரம் இழுத்துக்கும். இந்த ஒரு நொடியத்தான்ம்மா நான் செட் பண்றேன்." நீ சொல்லிக்கொடுத்த விதத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நான் பல வருஷம் ஓட்டிய தறியை என் மகன் எனக்குப் புரியவைத்தான். அந்தப் பிள்ளை கெட்டிக்காரன். அவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு உனக்குள் வந்தவன் வேறு ஆள். தறிகள் பழசு. கட்டரின் கத்தி தேய்ந்துபோனால் புதுக் கத்தி சீக்கிரம் வாங்கித் தர மாட்டார்கள். மழுங்கின கத்தி நூலை வெட்டாமல் மென்று தின்னும். நூல் கத்தியில் சுற்றிக்கொள்ளும், தறி நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஸ்குரூவைக் கழற்றி, கட்டரின் மூடியைத் திறந்து, சுற்றின நூலை எடுத்து, திரும்ப மூடித்தான் ஓட்ட வேண்டும். மூடி திறந்திருந்தால் தறி அசையாது. அதற்கென்று மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. இதில் நேரம் போகிறது என்று மேனேஜருக்கு எரிச்சல். ஒரு நாள் நான் வேலைக்கு வந்தபோது எந்தத் தறியிலும் மூடி இல்லை. கத்தரி எல்லாம் வெளியே தெரிய ஓடிக்கொண்டிருந்தது. உன்னைத் தேடிவந்து, "மூடியெல்லாம் எங்கடா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "சர்வீஸுக்குப் போயிருக்குதும்மா" என்றாய். என் மகன் சொன்னான், நான் நம்பினேன். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா சொல்ல வேண்டிய புத்தி ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான். கட்டிக்கொள்கிறவளிடம் எதைப் பற்றியும் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. சண்டை வந்தாலும் பரவாயில்லை, கழற்றிவிட்டேன் என்றே சொல்.

ரத்னாவை உனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பத்துப் பெண். வேலைக்குப் புதிது. எனக்கு அடுத்த வரிசைத் தறிகளைப் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அவள் தறி ஒன்று நின்றது. கத்தியில் நூல் சுற்றியிருக்கும் என்று எல்லோரும் செய்கிற மாதிரி அவளும் வலது கை விரலை விட்டாள். நின்ற தறி நின்றபடியே இருக்காது. அறுந்த ஊடையை நாம் எடுக்க வசதியாகத் தானே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பும். மூடி திறந்திருக்கும்போது அப்படித் திரும்பாமல் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச். அதன் இரண்டு கம்பிகளையும் நீ முறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாய். மூடி இருக்கிறது என்றே தறி எண்ணிக்கொண்டது. திரும்பியது. கத்தரி மூடியது.

அவள் கத்தியது மில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாய் திறந்திருப்பதைத்தான் நான் பார்த்தேன். ஓடிப்போய், தறியில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியையே கிழித்து அவள் கையைச் சுற்றினேன். வேனில் என் மடியில் கிடந்தாள். வலியில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. "அவ்வா, அவ்வா" என்று அவள் அம்மாவையே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "வெட்டுப்பட்ட துண்டு எங்கம்மா?" என்றுதான். பதற்றத்தில் நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை. உனக்குத்தான் போன் போட்டேன். "தறிகிட்டத் தேடுடா, ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வா" என்று கத்தினேன். நீ, "தரையக் கழுவிட்டாங்கம்மா" என்றாய்.

நான் திரும்பி வந்தபோது எல்லாக் கட்டருக்கும் மூடி இருந்தது. சர்வீஸுக்குப் போனதெல்லாம் ஒரே மத்தியானத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசித் தறியில் நீ ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். "ஓடற தறியில கைய வுட்டா மிஷின் என்னங்க பண்ணும்? இந்தப் பொம்பளைங்களுக்கு எத்தன தடவ சொல்றது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நீ தலையாட்டினாய், மாதேஷ். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் என் முன்னால் நின்றாய்.

"நாளைக்கு விசாரிக்க அதிகாரி வருவாரும்மா. மூடி எப்பவும் இருந்துச்சுன்னு சொல்லிரு."

"இல்லியே."

"எனக்குத் தெரியாதா இல்லன்னு? நான்தான கழட்டுனேன்."

"யாரு கழட்டச் சொன்னது?"

"மேனேஜருதான். வேற யாரு சொல்லுவாங்க? முடியாதுன்னு சொன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

"அப்ப நாளைக்கு அதச் சொல்லு. நீ சொல்லு, உன் பக்கத்துல நான் நிக்கறேன்."

"நீ சொல்றது ஈஸிம்மா. என் பொழப்பு போயிரும்."

"அந்தப் புள்ளைக்கு வெரலே போயிருச்சேடா."

நீ கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனாய். நான் உன்னை மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. என் பிள்ளை காலையில் சரியாகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு உனக்குச் சோறு மூடி வைத்தேன்.

மறுநாள் நடந்ததை ஊர் எப்படியெல்லாமோ பேசுகிறது. நடந்தது இதுதான். மேனேஜர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மூடி இருந்தது என்று எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயந்தவர்கள். என் முறை வந்தபோது நீயும் அந்த அறையில்தான் இருந்தாய். அதிகாரி கேட்டார், "கட்டருக்கு மூடி இருந்துச்சாம்மா?" நான், "இல்லீங்க. நேத்து மத்தியானம்தான் திரும்ப மாட்டுனாங்க" என்றேன். "யாரு கழட்டுனது?" "எம் பையன்தாங்க." "யாரு சொல்லிக் கழட்டினாரு?" நான் உன் பக்கம் திரும்பினேன். "அத அவனே சொல்லுவானுங்க" என்றேன்.

உனக்காக நான் காத்திருந்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க அல்ல, நீ வாய் திறப்பதற்காக வழி விட்டு நின்றேன். மேனேஜர் சொன்னார் என்ற இரண்டே வார்த்தை போதும். நீ உன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த இடைவெளியில் மேனேஜர் பேசிவிட்டார். "இவனா எப்பவாச்சும் கழட்டியிருந்தா எங்களுக்குத் தெரியாதுங்க சார். அந்தப் பொண்ணும் அஜாக்கிரதையா இருந்திருக்குது." அவ்வளவுதான். பாதிப் பழி ரத்னா மேல், மீதிப் பழி உன் மேல் என்று விழுந்தது. உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவளுக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டைத் தர முடியாது என்று மில் வழக்காடுகிறது. நீ திருப்பூருக்குப் போய்விட்டாய். போகும்போது, "பெத்தவளே புள்ளையப் புடிச்சுக் குடுத்துட்ட" என்றாய். உன்னைப் பிடித்துக் கொடுத்தது நான் இல்லை. யாரைக் காப்பாற்ற நீ வாயை மூடினாயோ, அவர்தான் உன்னைப் பிடித்துக் கொடுத்தார். இது உனக்கு இன்னுமா புரியவில்லை?

நான் அந்த மில்லை விட்டுப் போகவில்லை. கடைக்கோடித் தறிகளுக்கு என்னை மாற்றினார்கள். அங்கே விசிறிகூடச் சரியாக ஓடாது. ஓடாவிட்டால் ஓடாமல் போகட்டும். அவர்களாக அனுப்பினால் காரணம் எழுதித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் காரணத்தை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. தினமும் காலையில் என் தறியின் கட்டர் மூடியை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இப்போது எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே போகிறார், ஒன்றும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கேட்காவிட்டால் நானாக எடுக்க மாட்டேன். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

*

பாதியில் நிறுத்திவைத்த கடிதத்தை இன்று மறுபடியும் எடுத்திருக்கிறேன். நடுவில் பல மாதம் ஓடி, நிறைய நடந்துவிட்டது. சிலது உனக்குத் தெரியும், சிலது தெரியாது. எழுதினதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதில் மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா பட்டுப்புழு வளர்க்கிறவர். நிதானமான மனிதர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டதும், "ஒண்ணு கேக்கலாமுங்களா? மில்லுல ஏதோ பிரச்சனைன்னு சொன்னாங்க" என்றார். உன் மாமா எனக்கு ஜாடை காட்டினான். நான் உட்கார்ந்து, மூடி கழற்றியதிலிருந்து விசாரணைவரை எல்லாவற்றையும் சொன்னேன். நீ கெட்டவன் இல்லை, பயந்துவிட்டாய் என்பதையும் சொன்னேன். அவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்றங்க" என்று எழுந்துவிட்டார். உன் மாமா அன்றோடு இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று போனான். நீ போன் செய்து, "நான் நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலியாம்மா?" என்று கேட்டு அழுதாய். நீ அழுததற்கு நானும் அழுதேன். சொன்னதற்காக அழவில்லை.

இனி உனக்குத் தெரியாதது. சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து மில் கேட்டுக்கு வெளியே வருகிறேன், ஒரு பெண் காத்திருந்தாள். தருமபுரியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை, பேர் நித்யா என்றாள். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள்தான். "அத்தைன்னு கூப்புடலாமா வேணாமான்னு தெரியலீங்க" என்றாள். "மொதல்ல பேசு கண்ணு, அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றேன். நடந்துகொண்டே பேசினோம். அவள் சுற்றி வளைக்கவில்லை. "அதுக்கப்பறம் அவரு அந்த அடிபட்ட அக்காவப் போய்ப் பாத்தாருங்களா?" என்றாள். இவ்வளவு காலத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். மற்ற எல்லோரும், நீ ஏன் சொன்னாய் என்றுதான் கேட்டார்கள். "இல்ல கண்ணு, பாக்கல" என்றேன். "சரிங்க. அத நானே அவருகிட்டக் கேட்டுக்கறேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் ஜன்னல் வழியாக, "வர்றேங்க அத்தை" என்றாள்.

அவள் உன்னை என்ன கேட்டாளோ எனக்குத் தெரியாது. நீ ரத்னா வீட்டுக்குப் போனது ரத்னா சொல்லித்தான் தெரியும். அவள் இப்போது நம் ஊர்ப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறாள். "உங்க பையன் வந்தாருங்க அக்கா. நான் டீ குடுத்தேன். கையப் பாத்துட்டு அழுதாரு. அழுவாதீங்கண்ணா, எனக்கு அதுனால ஒண்ணும் ஆவப்போறதில்ல, யாரு கழட்டச் சொன்னாங்கன்னு வந்து சொல்லுங்க, அது போதும்னு சொன்னேன்" என்றாள். "அதுக்கு என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாருங்க" என்றாள். நீ வந்து சொல்வாய் என்று நான் நம்பவில்லை. ஒரு தடவை உனக்காகக் காத்திருந்து பார்த்தவள் நான்.

நஷ்டஈட்டு வழக்கு விசாரணை நாளில் ரத்னாவோடு தருமபுரிக்குப் போனேன். மில் பக்கத்தில் வக்கீல், மேனேஜர், இன்னும் யார் யாரோ. எங்கள் பக்கத்தில் அவளும் நானும் அவளுடைய வக்கீலம்மாவும். என்னை ஏற்கெனவே விசாரித்துவிட்டார்கள். வேலையிடத்துப் பகையில் சொல்கிறேன் என்று மில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது நீ உள்ளே வந்தாய். இளைத்துப் போயிருந்தாய். என்னைப் பார்க்காமல் நேராக முன்னால் போய் நின்றாய். "மூடியக் கழட்டினது நான்தாங்க. சுவிட்ச் கம்பியச் சேத்ததும் நான்தான். மேனேஜரு சொல்லித்தான் செஞ்சேன். அடி பட்ட அன்னிக்குத் திரும்ப மாட்டச் சொன்னதும் அவருதான். எங்கம்மா சொன்னது அத்தனையும் நெசங்க" என்றாய். மில் வக்கீல் எழுந்து, "அம்மாவக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "எங்கம்மாவுக்கும் எனக்கும் பேச்சே கிடையாதுங்க" என்றாய். ரத்னா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். அன்று நீ உன் செருப்பைப் பார்த்த மாதிரி, அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரத்னா இடது கையால் தண்ணீர் எடுத்து உன் டம்ளரில் ஊற்றினாள். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. மேனேஜர் இப்போது அந்த மில்லில் இல்லை. ஆனால் நல்லது செய்தவனுக்கு உடனே நல்லது நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், நடக்கவும் இல்லை. திருப்பூரில் நீ வேலை பார்த்த இடத்துக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிற ஆள் வேண்டாம் என்று உன்னை நிறுத்திவிட்டார்கள். இன்று நீ ஒரு சின்ன லேத் பட்டறையில் கூலிக்கு நிற்கிறாய். இதைத்தான் நம் சொந்தக்காரர்கள் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பார், அம்மாவும் பிள்ளையும் உண்மை பேசி என்ன கண்டார்கள் என்று. அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. கேட்கிற யாருக்காவது சொல்லலாம் என்றால், என் மகன் பட்டறையில் தலை நிமிர்ந்து நிற்கிறான் என்று சொல்வேன்.

நேற்று நித்யாவின் அப்பா தனியாக வந்தார். வண்டியில் மல்பெரி இலை மூட்டை இருந்தது. போகிற வழியில் இறங்கினேன் என்றார். இந்தத் தடவை காபியை முழுசாகக் குடித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணக் குடுக்கறவன் கேக்கறேன். மாப்பிள்ள இப்படி அடிக்கடி வேலைய வுட்டுட்டு வந்து நிப்பாருங்களா?"

"அந்த மாதிரி மூடியக் கழட்டச் சொன்னாங்கன்னா வந்து நிப்பானுங்க" என்றேன்.

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம் பொண்ணும் அதையேதான் சொல்லுது. வந்து நின்னா நான் சோறு போடறேங்குது" என்றார். பிறகு எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப தேதி குறிச்சிரலாமுங்க, சம்மந்தி" என்றார்.

ஆக, கல்யாணம் உறுதி. நான் வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். ரத்னாவையும் அழைத்து வருவேன். உன் மாமாவுக்கு அவளுக்குப் பக்கத்தில் இடம் போடச் சொல். இனி எந்த மூடியையும் கழற்ற மாட்டாய் என்று நித்யா வீட்டாருக்கு உன் சார்பில் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாதேஷ். நீ அதைக் காப்பாற்றினால் உன் வீட்டுக்கு வந்து உன் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பேன். என்றைக்காவது மீறினால், யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், உனக்கு எதிராக வந்து நிற்கிற முதல் சாட்சி நான்தான்.

உன் அம்மா